கதண்டு என்று நான் சொன்ன குளவி

காலை ஆறு பத்துக்குத் திருப்பூரில் உடுமலை பஸ் ஏறினேன். பல்லடம் வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் துணிப்பை. அதில் ஒரு மாற்றுச் சேலையும், பனியன் துணியில் இழை எண்ணுகிற மடக்கு லென்ஸும் இருந்தன. ஊருக்குப் போகையில் லென்ஸ் எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். அது பையில் இல்லாவிட்டால் என்னவோ போல இருக்கும்.

உடுமலையை ஒட்டித் தளி ரோட்டில் என் தம்பி பழனிச்சாமிக்கு எண்பது தென்னை இருக்கிறது. மூன்று நாளைக்கு முன்பு அவன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். தோப்புக் குப்பைமேட்டின் மேல் கட்டைவிரல் நீளத்துக்குக் கருப்புக் குளவிகள் முப்பது நாற்பது சுற்றின. வயிற்றில் மஞ்சள் தெரிந்தது. "அக்கா, இது கதண்டுங்களா?" என்று கேட்டான்.

என் வீட்டுக்காரர் கதண்டு என்கிற அந்த விஷக்குளவி கொட்டித்தான் போனார். குண்டடத்தில் பனைமரத்துக் கூடு கலைந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அதிலிருந்து சொந்தத்தில் யாருக்குக் கதண்டுச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்த வீடியோவை நான் முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "கதண்டேதான் சாமி. கொளுத்திப்போடு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எரிக்கிற ஆள் வருகிறார். எரிவதைக் கண்ணால் பார்த்தால் மனசு ஆறும் என்றுதான் கிளம்பினேன்.

பல்லடம் தாண்டியதும் ஆவணிக் காற்று முகத்தில் அறைந்தது. காற்றாலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு உடுமலை. இரண்டு இட்லி தின்றுவிட்டு, எட்டே முக்காலுக்கு டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்குக் காசு கிடையாது. நான் டிக்கெட்டுக்குத் தயங்கித் தயங்கிக் கையை நீட்டியதைப் பார்த்துக் கண்டக்டர், "சும்மாதானுங்க தர்றோம். வாங்கறதுக்கே இத்தன வெக்கமுங்களா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பக்கத்தில் பையும் தொப்பியுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விவசாயக் காலேஜில் கடைசி வருடம், கிராமத்தில் தங்கிப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள், சிவகங்கைப் பக்கம், பேர் ஜெனிபர். இதெல்லாம் அவளாகவே சொன்னாள். நான் அந்த வீடியோவை எடுத்துப் பார்க்கவும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, இது ஸ்கோலியாங்கிற குளவி மாதிரி இருக்கேம்மா! எங்க எடுத்தது?"

"தம்பி தோப்புலீங்க. கதண்டு. இன்னிக்குக் கொளுத்தறாங்க."

"கதண்டா? யாரு சொன்னா?"

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சொன்னாங்க" என்றேன்.

"சொன்னவுக கண்ண நல்லாக் கழுவிட்டு வந்து பாக்கட்டும்" என்று சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். கதண்டுக்குக் கூடு உண்டு, இதற்குக் கூடே கிடையாது. கதண்டு உட்காரும்போது இறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும், இது மடிக்காது. அதன் வயிற்றில் மஞ்சள் பட்டையாகச் சுற்றி ஓடும், இதற்கு இரண்டு பக்கமும் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் முடி. இறக்கை நுனி சுருக்கம் சுருக்கமாக வரி ஓடும். ஆணுக்கு உணர்கொம்பு நீளமாக, நேராக இருக்கும். வாலில் மூன்று முள் இருக்கும், ஆனால் கொட்டாது. பெண்ணுக்குக் கொம்பு குட்டையாகச் சுருண்டிருக்கும்.

"இறக்கை நடுவுல திரும்பி வர்ற குறுக்கு நரம்பு ஒண்ணு இருந்தா ஸ்கோலியா கூட்டம். ரெண்டு இருந்தா வேற. லென்ஸ் வச்சுத்தான் எண்ணணும்மா."

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தோப்புல மட்டையெல்லாம் கத்திரியால வெட்டுன விசிறி மாதிரி இருக்கா?"

"ஆமாங்க. காண்டாமிருக வண்டுங்க. போன வருசம் பதினோரு மரம் போச்சு."

"அந்த வண்டோட புழு குப்பைக்குள்ளதான் வளருது. இந்தப் பொண்ணு குளவி உள்ள தோண்டிப் போயி, புழுவக் கொட்டி மயக்கி, அது மேல முட்ட வைக்கும். குஞ்சு அதத் தின்னே வளரும். உங்க தம்பி கொளுத்தப் போறது அவரு தோப்பக் காப்பாத்துற ஆளுகள."

அவள் நிறுத்தம் வந்து இறங்கிவிட்டாள்.

ஒன்பதரைக்குத் தோப்பு. தம்பி மனைவி கோமதி, "வாங்க நங்கையா" என்று தண்ணீர் கொடுத்தாள். அவள் மூன்று நாளாக மாட்டைக்கூட அந்தப் பக்கம் ஓட்டவில்லையாம். "நீங்க சொன்னதும் எனக்கு உசுரே இல்லீங்க" என்றாள். காலிச் செம்பை அவளிடம் நீட்டினேன். மத்தியானம் சாப்பிடும்போது தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அவன் மோர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

இரண்டு மணிக்குத் தனியாகக் குப்பைமேட்டுக்குப் போனேன். ஒரு முழ உயரத்தில் அவை எட்டுப்போட்ட மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. கால் ஓடச் சொன்னது. தண்ணீர்த் தொட்டியில் ஒன்று செத்து மிதந்தது. அதைக் கைக்குட்டையில் எடுத்துப் போட்டு, லென்ஸை விரித்துக் குனிந்தேன்.

மஞ்சள், பொட்டாக இருந்தது. வாலில் முள் எண்ணினேன், மூன்று. இறக்கை நுனியைப் பார்த்தேன். ரிப் துணி! பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் எப்படி வரி வரியாக இருக்குமோ, அச்சு அசல் அப்படியே. இந்தப் பூச்சிக்கு யார் மெஷினில் ஓட்டிக் கொடுத்தது? குறுக்கு நரம்பை மூன்று தடவை எண்ணினேன். ஒன்று.

களைக்கொத்தை எடுத்து ஓரத்தில் கிளறினேன். ஒரு முழங்கை ஆழத்தில் பெருவிரல் மொத்தத்துக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. தொட்டும் நெளியவில்லை. வாய் மட்டும் லேசாக அசைந்தது. அதன் வயிற்றில் அரிசி மாதிரி ஒன்று நட்டமாக ஒட்டியிருந்தது. முட்டை. அதிலிருந்து வருகிற குஞ்சு, உயிரோடு இருக்கும்போதே இந்தப் புழுவைத் தின்னப் போகிறது. கொத்தைக் கீழே போட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எரிக்கிற ஆள் நாலு மணிக்கு வரவில்லை, மூன்றரைக்கே வந்துவிட்டார். கூட இரண்டு கேன் டீசல். "அம்மா, தள்ளி நில்லுங்க. கதண்டு பாத்த கண்ணு, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார். தம்பி, கோமதி, பக்கத்துத் தோப்புக்காரர்கள் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எங்கள் கம்பெனியில் தைத்து வருகிற பனியன் பீஸில் தப்பு தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன், அவ்வளவுதான். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. இங்கே எதன்மேல் ஒட்டுவது?

முதல் கேன் கிழக்குப் பாதியில் கவிழ்ந்தது. டீசல் இறங்க இறங்க, குப்பைக்குள் இருந்தவை ஒவ்வொன்றாக வெளியே ஊர்ந்து வந்தன. கொம்பு குட்டையாகச் சுருண்டவை. எல்லாம் பெண். இறக்கை நனைந்து ஒட்டி, மல்லாந்து, காலை உதைத்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

"நிறுத்துங்க!"

என் குரல்தான். தம்பி திரும்பிப் பார்த்தான். நான் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை.

"என்னக்கா? நீங்கதானுங்க கொளுத்தச் சொன்னீங்க?"

"நான்தான் சாமி சொன்னேன். தப்பாச் சொல்லிப்போட்டேன். பார்க்காமச் சொல்லிப்போட்டேன். இது கதண்டு இல்ல." கைக்குட்டையை விரித்தேன், லென்ஸை நீட்டினேன், புழுவைக் காட்டி, இந்த வண்டுப் புழுவைத் தின்கிற குளவி இது என்றேன். தம்பி குனிந்து புழுவைப் பார்த்தான். அந்தப் புழு வளர்ந்து வண்டாகி அழித்த மரங்கள் அவன் கண்ணில் வந்திருக்கும். "இது உசுரோட இருக்குதுங்களா?" என்று கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எரிக்கிற ஆள் கேனைக் கீழே வைத்தார். "காலைல வந்தீங்களாம். அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே அம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நனைந்த பாதியை மண்ணோடு வெட்டித் தூரமாகக் கொட்டினார்கள். அதில் கிடந்தவற்றை நான் எண்ணவில்லை. எண்ணிப் பழகியவள்தான், முடியவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பினேன். மேற்குப் பாதியின் மேல் வெயில் பட்டதும் ஏழெட்டுக் குளவிகள் தாழப் பறந்தன. கோமதி பத்தடி தள்ளி நின்று மாட்டைக் கட்டினாள்.

ஜெனிபரின் நிறுத்தத்தில் பஸ் நின்றது. அவள் இல்லை. அவளைப் போலவே பையும் தொப்பியுமாக இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, "கண்ணு, ஜெனிபர் உங்க கூடத்தானுங்களா?" என்றேன். ஆமாம் என்றார்கள்.

"அவகிட்டச் சொல்லுங்க. கதண்டுன்னு சொன்னது வேற யாருமில்ல, நான்தானாம். பாதிக் குப்பை நிக்குதாம். பாதி போயிருச்சாம்."

அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டினார்கள். பஸ் முழுக்க என்னைத்தான் பார்த்தது. அதே கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.