படத்தில் விட்ட இடம்

சங்கையாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இருந்தது.

மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் பதினோரு வீட்டுப் பளியர் பழங்குடிக் குடியிருப்பு அவருடையது. 1986இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்லூரி டீச்சர் பத்மாசனி வந்து, காட்டுக்கிழங்குகளைப் பற்றிச் சேர்ந்து எழுதலாமா என்று கேட்டார். நாலு நாள் நோட்டும் கையுமாக அலைந்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்த சங்கையா, இதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்தார். டீச்சர் ஆறு வருஷம் வந்தார். எழுதியதையெல்லாம் குடியிருப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்; வேண்டாம் என்றதை அங்கேயே அடித்தார்.

வேண்டாம் என்றது ஒன்றே ஒன்றுதான். ஓடைக்கு அந்தப் பக்கம், செத்தவர்களைப் புதைக்கும் மேடு. அதை வெளியாளுக்குக் காட்டியவனுக்கு அங்கே குழி கிடையாது என்பது அந்தப் பதினோரு வீட்டின் கட்டுப்பாடு. சங்கையாவின் மனைவி அங்கேதான் கிடந்தாள். அவள் பக்கத்தில் தனக்கும் ஒரு இடம் என்று அவர் மனசுக்குள் குறித்து வைத்திருந்தார்.

"ஓடைக்கு அங்கிட்டு ஒண்ணும் எழுதாதீக டீச்சர். வெறுமனே விட்டுருங்க."

ஏன் என்றுகூட டீச்சர் கேட்கவில்லை. புத்தகத்தில் போட்ட காட்டு வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் அந்த நேர்மைதான் வினையாகி நின்றது.

1993இல் காட்டுக்கு வேலி போட வந்த அதிகாரி படத்தை விரித்தார். "ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் போறதில்லைன்னு நீங்களே காட்டியிருக்கீங்க. அடைச்சிர வேண்டியதுதான்."

பத்மாசனிக்கு முகம் செத்துப்போனது. "அது வேணும்னே விட்ட இடம் சார்."

"அப்ப என்ன இருக்குன்னு காட்டுங்க."

குடியிருப்பே தரையைப் பார்த்து நின்றது. அடைத்துவிட்டால் இனி ஒருத்தருக்கும் அங்கே இடமில்லை. சங்கையா முன்னால் வந்து கையை நீட்டினார்.

"அந்தா, அந்த மேடு. எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் அங்கதான் கெடக்காக. எம் பொண்டாட்டியும்."

வேலி மேட்டை வெளியே விட்டு, அதற்கும் மேலே போனது.

மறு வருஷமே காய்ச்சலில் சங்கையா போய்விட்டார். ஓடைக்கு இந்தப் பக்கம் தனியாகக் குழி வெட்டினார்கள். அநியாயம், அநியாயம் என்று பத்மாசனி அழுதார். "அவர் காட்டலைன்னா உங்க யாருக்குமே அந்த மேடு இல்லையே!"

"அது எங்களுக்கும் தெரியும் டீச்சர், அவனுக்கும் தெரியும்" என்றார் குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த மைத்துனர் காளிராஜ். அவர் கண்ணும் நிற்காமல் வழிந்தது. அந்தத் தனிக் குழியைக் கையால் காட்டினார்.

"இந்த இடத்த வேணும்னா படத்துல போட்டுக்கிடுங்க."