வெந்நீர்ப் பூதம்

எங்கள் ஊர் சர்ச்சின் ஆயர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. செத்தவரை ஏன் திட்டுகிறாய் என்று என் தங்கை கேட்கிறாள். கோபம் சாகவில்லையே, என்ன செய்ய?

1991இல் எனக்குப் பதினெட்டு வயது. அதற்கு முந்தின வருடம் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அவள் பிழைக்க வேண்டும் என்று முழங்கால் தேய ஜெபித்தவள் நான். அவள் போன பிறகு சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடும்போது நான் மட்டும் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்க ஆளில்லாத இடத்தில் எதற்கு வாயைத் திறப்பது?

அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வாடகைப் புத்தகக் கடையில் அந்த மாயாஜாலக் கதை கிடைத்தது. அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. போருக்குப் புறப்படும் ஓர் இளவரசி, திரும்பி வந்ததும் குளிக்க வெந்நீர் தயாராக இருக்கட்டும் என்று அரண்மனைப் பூதத்திடம் சொல்லிவிட்டுப் போகிறாள். அரண்மனை இடிந்து காடாகிறது. பூதம் அண்டாவுக்கு அடியில் விறகு தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் புத்தகம் கிழிந்திருந்தது.

மிச்சத்தை நானே உண்டாக்கினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், கழனியில் இருக்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதும் அதே யோசனைதான். இளவரசியைத் திரும்ப வரவைக்க எப்படியெல்லாமோ பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பொய்யாகப் பட்டது. கடைசியில் ஒரு வழிப்போக்கனை உள்ளே விட்டேன். வராதவளுக்கு எதற்கு விறகை வீணாக்குகிறாய் என்று அவன் கேலி செய்கிறான். பூதம் சொன்னது: "அவ வர்ற அன்னிக்கு அடுப்பு மூட்டினா, தண்ணி எப்போ காயறது?"

அந்தப் பேச்சு மனதில் வந்ததும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை எப்போது ஜெபமாக மாறியது என்று தெரியவில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் ஜெபித்தேன்.

சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் சேர வேண்டுமானால் அதற்கு முன் திடப்படுத்தல் வகுப்பை முடிக்க வேண்டும். என்னைத் திடப்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பைபிளில் எந்த வசனம் உன்னைத் தொட்டது என்று ஆயர் ஒவ்வொருவராகக் கேட்டார். மற்ற பிள்ளைகள் வீட்டில் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்கள். நான் பூதத்தின் கதையை, என் முடிவோடு சேர்த்துச் சொன்னேன்.

பூதம் என்றால் பிசாசு என்றார் ஆயர். ஏதாவது ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார். என்னைத் தொட்டது அதுதான், வேறில்லை என்றேன். பேராயர் வந்து பிள்ளைகள் தலையில் கைவைத்துத் திடப்படுத்திய அன்று என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவின் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வசனம் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று அப்பா வீட்டில் கேட்டார். அதற்குப் பிறகு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குச் சேரப்பணஞ்சேரியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஆயர் பிரசங்கத்தில் ஒரு கதை சொன்னார். ஒரு ராஜகுமாரத்தி. அவளுக்காக வெந்நீர் வைத்துக் காத்திருக்கும் உண்மையுள்ள ஊழியக்காரன். என் பூதத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஆளையே மாற்றியிருந்தார். வழிப்போக்கனும் வந்தான். அடுப்பு மூட்டும் பேச்சும் ஒரு சொல் மாறாமல் வந்தது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் வாயில் பிசாசாக இருந்தது அவர் வாயில் மட்டும் எப்படிப் பிரசங்கமானது?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவர் அங்கே நிறுத்தவில்லை. அந்த நிமிடமே கதவு தட்டும் சத்தம் கேட்டதாம். ராஜகுமாரத்தி வந்துவிட்டாளாம். சபை முழுவதும் ஆமென் என்றது.

வந்துவிட்டாளாம்! எங்கள் வீட்டில் யார் வந்தார்கள்? ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த என் காதில் ஒரே வாக்கியத்தில் பூச்சுற்றிவிட்டுப் போகப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஐயா, அவ இன்னும் வர்ல. வராமதான் பூதம் தண்ணி காய வச்சிக்கினு கீது."