ஜெயராஜுக்காகச் சொல்ல வேண்டிய நன்றி

வீட்டில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு சபைக்கு முன்னால் நின்று கர்த்தருக்கு நன்றி சொல்ல வேண்டும். மலேசியாவில், கிள்ளானில் செல்வராணி போகும் தமிழ்ச் சபையில் அது எழுதாத சட்டம். போனவரைப் பற்றி நாலு வார்த்தை. பிறகு, "இவரை எங்களுக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்று முடிக்க வேண்டும். அப்புறம் ஹாலில் எல்லோருக்கும் மீஹூன் சேமியாவும் தேநீரும்.

புருஷன் ஜெயராஜை அடக்கம் செய்துவிட்டு வந்த செல்வராணிக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அரிசி களையும்போது முயன்று பார்த்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "தந்தீரே" வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. எதற்கு நன்றி? கொடுத்ததற்கா, பிடுங்கியதற்கா?

"நீ சொல்லாட்டி வேற யாரு லா சொல்லுவா?" என்றாள் ஜெயராஜின் அக்கா எஸ்தர். அவளுக்குத் தம்பி போன துக்கம் ஒரு பக்கம் என்றால், சபையில் மானம் போய்விடுமோ என்ற பயம் மறு பக்கம். "கர்த்தர் வேலையிலதானே அவன் போனான். அந்தச் சாவு யாருக்குக் கெடைக்கும்?"

"எனக்கு அந்தச் சாவு வேணாம் அண்ணி. அவருதான் வேணும்."

எஸ்தர் வெள்ளைப் புடவையை அயர்ன் செய்து கட்டிலில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஜெயராஜ் பெரிய மனுஷர் இல்லை. மேருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சாமான் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். வேலை விட்டால் வீடு, வீட்டை விட்டால் சர்ச். வேலை முடிந்ததும் டீ குடிக்கப் போகும் கூட்டாளிகள் அவரைப் பெண்டாட்டிதாசன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனார்கள். "ஆமா, அதுக்கு என்னங்கடா இப்ப?" என்று சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவனை என்னவென்று கிண்டல் செய்வது?

பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அவர்தான் தேய்ப்பார். செல்வராணி தேய்த்தால் காலர் நிற்காதாம். மகள் பெனிட்டா குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, தாதிமார் விரட்ட விரட்ட வராந்தாவிலேயே கிடந்தார். சனிக்கிழமை பாசாருக்குப் போய் நண்டு வாங்கி வந்து தானே குழம்பு வைப்பார். அன்று சமையலறை படும் பாட்டைச் சொல்லி மாளாது.

அவரிடம் குறை இல்லையா? இருந்தது. ஜெபம் செய்ய ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். சமைத்தவர், பரிமாறியவர், பக்கத்து மேசைக்காரர் என்று எல்லோருக்கும் வேண்டி முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போகும். மகன் ஜோயல் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, போதும்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று முணுமுணுப்பான். செல்வராணிக்குச் சிரிப்பும் வரும், பசியும் எடுக்கும்.

உயிர் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்துக்கொள்வதாகக் காலையில் ஒப்புக்கொண்டவர்தான். ஒரு போன் வந்தது. ஜெஞ்சாரோமில் இருக்கும் வயதானவர்களை ஆராதனைக்கு அழைத்து வரும் சர்ச் வேனுக்கு ஓட்டுநர் இல்லை.

"காய்ச்சல் அடிக்குதுங்க. முடியாதுன்னு சொல்லிடுங்களேன்."

"பாவம் ராணி, கெழவங்க ரோட்டோரமா நிப்பாங்க. போயிட்டு ஓடி வந்துர்றேன்."

யார் கூப்பிட்டது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாக வரும் வழியில், மழையில், எதிரே வந்த லோரி ஒன்று கட்டுப்பாடு இழந்தது. வேனின் முன்பக்கம் இல்லாமலே போயிற்று. அந்த போனைச் செய்தவன் யார் என்ற கேள்விதான் அன்று முதல் செல்வராணியைப் பிடித்து உலுக்கியது. யாரோ ஒரு புண்ணியவான் சோம்பல்பட்டு வேறு ஆளைத் தேடாமல் விட்டிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். சோறு இறங்காத வயிற்றோடு அவளை நடமாட வைத்ததே அந்தக் கோபம்தான்.

இப்போது சபைக்கு முன்னால் நின்றாள். ஒரு பக்கம் பெனிட்டா, மறு பக்கம் ஜோயல். கையில் மைக். ரசம் ஆறிப்போன கதையைச் சொன்னாள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். காலர் நிற்காத கதையைச் சொன்னாள். அடுத்தது அந்த வார்த்தைதான். முன்வரிசையில் எஸ்தர், சொல், சொல் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"நன்றி சொல்லச் சொன்னாங்க," என்றாள் செல்வராணி. "எனக்கு வரல."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம். யார் என்ன சாட்சி சொன்னாலும் மூச்சு விடும் இடத்தில் ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"எதுக்கு ஸ்தோத்திரம்?" செல்வராணியின் குரல் கிறீச்சிட்டது. "சொல்லுங்க, எதுக்கு? காய்ச்சல்ல கெடந்த மனுஷன். யாரு கூப்பிட்டது அவர? இங்கதானே இருக்கீங்க? எந்திரிச்சு சொல்லுங்க!"

"அம்மா, வேணாம்மா," என்று பெனிட்டா கையைப் பிடித்தாள். செல்வராணி உதறினாள்.

மேடையில் நாற்காலி நகர்ந்தது. எழுந்தவர் பாஸ்டர் கமலநாதன். சபைக்கு வந்து அதிக நாள் ஆகாத இளைஞர். குழிக்கு அருகில் நின்று, எல்லாம் தேவ சித்தம் என்று பிரசங்கம் செய்தவர். படியிறங்கி வந்து அவள் முன்னால் நின்றார்.

"நான்தான் சிஸ்டர். காய்ச்சல்னு சொன்னாரு. கொஞ்சம் பாருங்க பிரதர்னு நான்தான் கெஞ்சினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் வரல சிஸ்டர். வீட்டுல ஜெபம் பண்ண உக்காந்தா, ஒன்னுமே வரல."

கேட்க வேண்டிய முகம் இதோ, கை எட்டும் தூரத்தில். தன் மகனைவிடப் பத்து வயதுகூட மூத்திருக்காத முகம், தூங்காமல் வீங்கிப்போய். சேர்த்து வைத்திருந்த வசவுகளை எல்லாம் தேடினாள். வாய்க்கு வந்தது வேறு.

"நீங்க கெஞ்சாட்டியும் அவரு போயிருப்பாரு பாஸ்டர். ஓட்டுநர் இல்லன்னு காதுல விழுந்தாலே போதும், போயிருப்பாரு. நான் கட்டிக்கிட்டு வாழ்ந்த ஆளு அப்படி."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, இனிக் கோபித்துக்கொள்ளக்கூட யாரும் இல்லை என்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் மைக் இருந்தது அவளுக்கே தெரியாது. அவளுடைய அழுகை ஒலிபெருக்கி வழியாகச் சபை முழுக்க, வாசலில் வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் கேட்டது. மைக்கை அணைக்க யாருக்கும் கை வரவில்லை.