குழாய்க்கு அடித்த மஞ்சள் பெயிண்ட்

கேஸ் குழாயின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதை வெட்டாமல் உடைக்காமல் சொல்வதுதான் என் பிழைப்பு. குழாயில் பசையைத் தடவி சென்சாரை வைத்தால், காதுக்குக் கேட்காத ஒலி இரும்புக்குள் போய் உட்சுவரில் மோதித் திரும்பும். அதற்கு ஆகும் நேரத்தை வைத்துக் கருவி கனத்தைக் காட்டிவிடும்.

தூத்துக்குடி உப்பளத்து ஓடையைத் தாண்டுகிற இடத்தில் எங்கள் குழாய் மண்ணுக்கு மேலே வரும். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. குழாயை ஒட்டி, அளத்து ஆட்களுக்கு டீ போடும் ஓர் அக்காவின் கொட்டகை. அடுப்பு நாள் முழுக்க எரியும். போன சோதனையில் சரியாக அந்த இடத்தில்தான் கனம் குறைந்திருந்தது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த முறை போனால், குழாய் மஞ்சள் பூசிய கல்யாணப் பெண்ணாக மின்னுகிறது. சோதனையைப் பார்க்க மேலதிகாரி வருகிறாராம். கோட்டிங் மேல் கோட்டிங்காக அடித்துத் தள்ளியிருந்தார்கள். நம் ஊரில் பெரிய ஆள் யார் வந்தாலும் அவருக்கு முன்னால் பெயிண்ட் வாளி வந்துவிடும். சென்சாரை வைத்தேன். கருவி பெயிண்டையும் இரும்புக் கணக்கில் சேர்த்து, கனம் கூடியிருப்பதாகக் காட்டியது.

அதற்குள் வந்து பக்கத்தில் நின்ற மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியளா, முன்னவிட நல்லால்லா இருக்கு!"

"இரும்பு வளராது சார். இதென்ன புடலங்காயா?" என்று சுரண்டத் தொடங்கினேன்.

"யோவ், புது பெயிண்ட்!" என்று பதறினார். சுரண்டிய இடத்தில் எண் போன முறையைவிடக் கீழே இறங்கியது. அதைக் காட்டினேன். பேச்சோடு பேச்சாகப் பின்வாங்கி ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். "இப்போதைக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல, அடுத்த மாசம் பாப்போம்" என்று அங்கிருந்தே கத்தினார்.

அக்காவிடம் அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"பெரிய சாரே ஒண்ணுமில்லங்காரு. நீ ஏன் தம்பி யாவாரத்தக் கெடுக்க?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "சார், ஆபத்து இல்லன்னா இங்கன வாங்க, அக்கா கடையில உக்காந்து ஒரு டீ குடிப்போம்."

"எனக்கு சுகர்" என்றார்.

"சீனி போடாமத் தாரேன் சார், வாங்க" என்று அக்கா கிளாஸைக் கழுவினார்.

அதிகாரி அடுப்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, வால்வை உடனே அடைக்கச் சொன்னார்.

அக்கா கழுவிய கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே அடுப்பை அணைத்தார்.