மூன்று பேருக்கும் ஏழில் செவ்வாய்

பலேர்மோவில் அடுத்தவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலில் கையைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசையும் கொம்பியூட்டரும் உண்டு. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வருகிறவர்கள் வீட்டுக்கதை முழுவதையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் போவார்கள். ஒருவருக்கு இரக்கப்பட்டு இரண்டு வரி இத்தாலியன் எழுதிக்கொடுத்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு என் பாடு விளங்கும்.

மூக்காவது தெரியுது

வசந்தி ஒரு இத்தாலிய சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்கிறவள். அவள் கணவர் குணம், சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீனோ பழம் பறிக்கிறவர். ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை. குறை குணத்திடம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் விந்து தானம் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும், கொடுத்தவர் யாரென்றும் சொல்லமாட்டார்கள்.

இணையத்திலோ ஆண்கள் படத்தோடு வரிசையாக நிற்கிறார்கள், அதுவும் இலவசமாக. மூன்று பேரைத் தெரிந்தெடுத்து, இத்தாலியனில் கடிதம் எழுத என்னிடம் வந்தார்கள். குணம் என் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்தில்லையா என்று கேட்டேன். வசந்தி சொன்னாள்: "முகம் தெரியாத ஆளின்ரையை எப்பிடி அக்கா வாங்கிறது? இதிலை எண்டால் மூக்காவது தெரியுது."

பிறந்த நேரம்

பெர்மெசோ விண்ணப்பத்துக்குரிய அதே பணிவோடு மூவருக்கும் எழுதினேன். ஒருவர் நான் பொலிஸா என்று கேட்டார். வசந்திக்கு அதெல்லாம் கவலையில்லை. பிறந்த திகதி, இடம், நேரம் மூன்றும் வேண்டும் என்று நின்றாள். இது கலியாணப் பேச்சு இல்லையே என்றேன்.

"கலியாணத்துக்கே சாதகம் பாக்கிறம், பிள்ளைக்குப் பாக்காமல் விடுறதோ?"

தனியே வரச் சொன்னவர்

மூவரும் நிமிடக் கணக்கோடு பதில் அனுப்பினார்கள். அவர்களில் தன்னை ஆசிரியர் என்று சொன்னவர் இயற்கை முறைதான் நல்லது, போர்கோ வெக்கியோவில் ஒரு அறை இருக்கிறது, தனியே வரவும் என்று சேர்த்திருந்தார். அதை மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. வசந்தி ஆத்திரப்படவில்லை. பதிலை ஆறுதலாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "மாமா, மாமி, என்ர மனுசன் எல்லாரும் சேர்ந்துதான் வருவம். எத்தினை கதிரை இருக்கு?"

பேர் மூண்டு, படம் மூண்டு

அதற்குள் குணம் தன் போனில் இருக்கிற சாதக அப்பில் மூவரின் விபரத்தையும் போட்டுப் பார்த்திருந்தார். மூன்று பேருக்கும் பூராடம். மூன்று பேருக்கும் ஏழில் செவ்வாய். திகதி, ஊர், நிமிடம்கூட ஒன்று. பெயரையும் படத்தையும் மாற்றிய மனிதர், பிறந்த நேரத்தை யார் ஒத்துப்பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். குணம் போனை என் பக்கம் திருப்பி, ஆள் ஒருத்தன்தான் என்றார்.

சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. இப்படி எத்தனை பெயரில் எங்கள் ஆட்களில் எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருப்பான்? எங்கள் பிள்ளைகளோ எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத்தான் போகிறார்கள். வசந்தியின் கண் கலங்கிவிட்டது. "எங்கட பிள்ளை நாளைக்குத் தன்ர சகோதரத்தையே கட்டிக்கொண்டு வந்து நிண்டால், நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

தகப்பன்ர சாதகம்

இணையத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் பதிந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு முறை வந்தது. மொழிபெயர்க்க நானும் போனேன். நோய்ப் பரிசோதனை செய்தாயிற்று, இரத்த வகை பொருந்துகிறது, ஒருவருடையதைச் சில குடும்பங்களுக்கு மட்டும்தான் கொடுப்போம், பெயர் மட்டும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். எனக்கு நிம்மதியாக இருந்தது. வசந்திக்கு ஆறவில்லை. முழங்கையால் இடித்து, பெயர் வேண்டாம், பிறந்த நேரத்தை மட்டும் கேளுங்கோ என்றாள்.

கேட்க வாயைத் திறந்தேன். குணம் கை நீட்டித் தடுத்தார். அந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் தலை நிமிர்ந்து இருந்தார்.

"கேக்காதேங்கோ அக்கா. தகப்பன்ர சாதகம் என்னட்டை இருக்கு."

இத்தனை வருடம் 'தந்தையின் பெயர்' என்ற கட்டத்தை யோசிக்காமலே நிரப்பித் தள்ளிய எனக்கு, அதற்குச் சரியான ஆதாரம் காட்டிய முதல் வாடிக்கையாளர், மந்தரீனோ பறிக்கிற குணம்தான்.