எண் போடாத வள்ளங்கள்

மூன்று நாளாக ஒரு திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பெயர் வேலையாம்.

கடியப்பட்டணம் பக்கம் ஒரு மீனவர் சங்கத்துக்கு ஆப் செய்து கொடுத்திருக்கிறேன். வள்ளத்தின் எண்ணைப் போட்டால், அது கரை சேர்ந்துவிட்டதா என்று சொல்லும். டேட்டாபேஸ் எங்கோ கிளவுடில். காற்று எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் ஆப் உறைந்துபோனது. கரையில் நின்ற பெண்களின் போனில் வெறும் வட்டம் சுற்றியது. அவர்கள் வீட்டு ஆண்கள் கடலில்...

வள்ளத்தைத் தேடித் தருவது ஒரு ஸ்டோர்ட் புரொசீஜர் — டேட்டாபேஸுக்குள் நான் எழுதிவைத்த கட்டளைக் கட்டு. அது திணறுகிறது என்று கிளவுட் அழகாகப் படம் வரைந்து காட்டியது. எந்த எண்ணைக் கேட்டபோது திணறியது? அதை மட்டும் சொல்லவில்லை. வயிற்றுவலி என்று டாக்டரிடம் போய், தின்றதை மறைக்கும் என்னைப் போல!

உள்ளே போகும் பாராமீட்டர்களை, அதாவது கேட்பவர்கள் தட்டும் எண்களை, பதிவு செய்ய வைத்தேன். கண் எரியப் படித்தால், எண் இருக்கவேண்டிய இடமெல்லாம் காலி. எண் இல்லையென்றால் புரொசீஜர் மொத்த வள்ளங்களையும், பழைய பயணங்களோடு சேர்த்து இழுத்து வரும். மூச்சு வாங்காதா?

எண் போடாமல் பட்டனே அமுங்கக்கூடாது என்று மாற்ற முடிவெடுத்தேன். அதற்கு முன் செலின் அக்காவிடம் நியாயம் கேட்கப் போனேன். கணவர் கடலுக்குப் போகிறவர். ஆப்பை அதிகம் தட்டுவது அக்காதான்.

"நம்பர் போடணும்லா அக்கா?"

"எதுக்கு மக்கா? நம்பர் போட்டா எங்க வள்ளம் மட்டும்லா வருது."

"அதுதானே வேணும்?"

"எங்க வள்ளம் மட்டும் வந்தாப் போருமா? நல்லா இருக்கே உன் படிப்பு!"

பட்டனை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு வீடு வந்தேன். புரொசீஜரைத் திருத்தினேன். எண் காலியாக இருந்தால், இன்னும் கரை சேராத வள்ளங்களை மட்டும் காட்டும். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

நேற்று சாயங்காலமும் காற்றுதான். அக்காவின் போன்.

"ஏலே, உன் ஆப்பு செத்துப் போச்சு. ஒண்ணுமே காட்ட மாட்டேங்கு!"

பதறிப்போய்ப் பார்த்தேன். ஆப் நன்றாகத்தான் இருந்தது.

"அக்கா... எல்லா வள்ளமும் வந்தாச்சு. அதான் ஒண்ணும் காட்டல."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

"அதை எழுதிப் போடண்டாமாலே, கூறுகெட்டவனே!"

போட்டுவிட்டேன்.