படகு மறைக்காத பால்கனி

என் அப்பா பூமாலைக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. தங்கமான மனுஷன் என்று பெரம்பலூரில் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குட்டக் குட்டக் குனிகிறவனை ஊர் தங்கம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்?

இன்று எங்களுக்குச் சொந்தமாக சிமெண்ட் கடை இருக்கிறது. அதற்கு முன் பதினாறு வருஷம் அப்பா இன்னொருவர் கடையில் லோடுமேன். இளையபெருமாளின் அப்பா நடத்திய கடை அது. அரியலூர் ஆலையிலிருந்து வரும் லாரியில் மூட்டை இறக்கிவிட்டு, பின்பக்கக் குழாயில் தலையைக் கழுவிக்கொண்டு, லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவாராம். கடைக்குள் நாலு நாற்காலி கிடந்தது. பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் அப்பா அதில் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதுமில்லை. ரஞ்சன்குடிப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவருக்கு அதைச் சொல்ல வேறு வேண்டுமா?

தனியாகக் கடை போட்டபோது அப்பாவைத் தேடி வந்தவர்கள் கொத்தனார்கள்தான். அவர்கள் கட்டிய வீடுகளுக்கெல்லாம் மூட்டை சுமந்தவர் அவர். ஒவ்வொருவர் பெயரும், பிள்ளைகள் பெயரும் தெரியும். அப்படியே வளர்ந்து, போன வருஷம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அதிகம் விற்ற டீலர் ஆனார். அப்பா மூட்டை சுமந்த கடையை இப்போது நடத்துகிற இளையபெருமாள் இரண்டாவது.

நன்றாக விற்ற டீலர்களைக் கம்பெனி வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிப்போகும். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து கப்பல். ஒன்பது டீலர்கள், கம்பெனி மொத்தமாக எடுத்த பத்து அறைகள். எல்லாவற்றிலும் பால்கனி உண்டு, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. டீலர்கள் கூட்டத்தில் கப்பல் படத்தை மாட்டி, விற்பனை வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். போய் வேண்டிய அறையில் பெயர் எழுத வேண்டும். முதல் ஆள் அப்பா.

கம்பெனியின் விற்பனை அதிகாரி முத்தமிழ்செல்வன் அந்தப் படத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். கடைக் கம்ப்யூட்டரில் திறந்து அப்பாவுக்கு விளக்கினேன்.

“இந்த பால்கனி கடலப் பாக்காதுப்பா. கப்பலுக்கு உள்ளயே இருக்கிற கடைத்தெருவப் பாக்கும்.”

“கடைத்தெருவப் பாக்க சிங்கப்பூர் போவணுமா? பழைய பஸ் ஸ்டாண்டுல நின்னா பத்தாதா?”

“இதுங்க கடலப் பாக்கும். ஆனா ஆபத்துக்கு ஏறுற படகு முன்னாடி தொங்கும். முக்காவாசி மறைச்சிடும். இது கப்பலோட பின்பக்கம். பால்கனி பெருசு, ஆனா இஞ்சின் அதிரும்.”

“பின்சக்கரத்து மேல சீட்டு கெடச்ச மாதிரி.”

“ஆமா. இந்த ரெண்டுதான் நடுவுல இருக்கு. கடலு முழுசாத் தெரியும். ரெண்டு பால்கனிக்கும் நடுவுல ஒரு பலகைதான். வேணும்னா தொறந்து ஒண்ணாக்கிக்கலாம்.”

“லாரியிலயும் நடுவுல அடுக்குன மூட்டைதான் அலுங்காது.” அப்பா 8112 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு பக்கத்து அறையைத் தொட்டார். “இத அவரு எடுத்துக்குவாரு.”

“யாரு?”

“ரெண்டாவது அவருதான?”

இளையபெருமாளைத்தான் சொன்னார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. இருவரும் நாற்காலி போட்டு அக்கம்பக்கமாக உட்கார்ந்து கடல் பார்ப்பதாக அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு இளையபெருமாளின் கார் எங்கள் கடை வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அவர் இறங்கவில்லை. அப்பாதான் ஓடினார். நானும் பின்னால் போனேன். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர் அவர்.

“பூமாலை, நடுவுல இருக்கிற ரெண்டு ரூமும் எனக்கும் மச்சானுக்கும் வேணும். நீ பின்னாடி ரூம எடுத்துக்க. உனக்கு எங்கேருந்து பாத்தாலும் கடலு கடலுதான்.”

“பாக்கலாங்க.”

“இதுல என்னத்தப் பாக்கறது? சொன்னாக் கேட்டுக்க.”

கார் கிளம்பியதும் நான் கத்தினேன். “முடியாதுன்னு ஒரு வார்த்த வராதாப்பா? இன்னும் அவங்க வூட்டு லோடுமேனா நீங்க?”

அப்பா உள்ளே போனார். கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இருபத்தெட்டு வருஷமாக நான் பார்த்த அப்பா அவர்தான்.

கூட்டம் அரியலூரில் ஒரு ஓட்டல் மாடியில் நடந்தது. முத்தமிழ்செல்வன் பெயர் சொன்னதும் அப்பா எழுந்து போய்ப் படத்தின் முன் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். இளையபெருமாள் தொண்டையைச் செருமினார். அப்பா 8112-ல் தன் பெயரை எழுதினார். திரும்பி வரும்போது இளையபெருமாள் அருகில் நின்று, “பக்கத்து ரூம் உங்களுக்கு இருக்குங்க” என்றார்.

இளையபெருமாள் முகம் கறுத்துவிட்டது. எழுந்து படத்திடம் போனார்.

“8114 சார், அதே மாதிரிதான். சூப்பரா இருக்கும்” என்றார் முத்தமிழ்செல்வன்.

“நடுவுல பலகைதானா?”

“ஆமா சார்.”

அவர் பேனாவை வாங்கிப் படத்தில் கப்பலின் மறுகோடிக்குப் போய், படகு மறைக்கிற அறையில் பெயர் எழுதினார். “எனக்கு இதுவே போதும்.”

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை பண்ணுகிறவன் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவரோடு முடிந்திருந்தால்கூடத் தேவலை. மூன்றாவது ஆள் பின்பக்கம் எழுதினார். இளையபெருமாளின் மச்சானும் ஒரு டீலர்; அவர் படகு மறைக்கிற இன்னொரு அறைக்குப் போனார். ஒவ்வொருவராக எழுந்து 8114-ஐத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கடைசியாக வரதராஜன்பேட்டை மரிய ஆல்பர்ட். மிச்சம் இருந்தது 8114-ம், கடைத்தெருவைப் பார்க்கும் அறையும்தான். அவர் தலையைச் சொறிந்தார். “எனக்கு மூட்டுவலி. லிப்ட் பக்கத்துல இருந்தா நல்லது” என்று கடைத்தெருவில் எழுதிவிட்டு, எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

அந்த எட்டுப் பேரையும் எனக்குப் பெயர் சொல்லித் திட்ட வேண்டும்போல் இருந்தது. அப்பா அவர்களோடு நின்று டீ குடித்தார். வீடு திரும்பும் வழியில் ஒன்றுதான் சொன்னார்.

“படகு மறைக்கும்னு தெரிஞ்சும் அவரு அதுல எழுதினாரு, பாத்தியா.”

அறைக்கு மூன்று பேர் போகலாம் என்பதால் அம்மா வேணியோடு நானும் போனேன். 8114 காலியாகவே வந்தது. கப்பல் ஏறிய அன்றே அப்பா அறைப் பணியாளரிடம் சொல்லி நடுப்பலகையைத் திறக்க வைத்தார். இரண்டு பால்கனி ஒன்றானது. பக்கத்துக்கு இரண்டாக நாலு நாற்காலி. மூன்றில் நாங்கள் உட்கார்ந்தோம். நாலாவதை அப்பா தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மடிக்க வேண்டிய துண்டை நான் அதன்மேல் வைத்தால் எடுத்து என்னிடமே கொடுத்துவிடுவார்.

மறுநாள் காலை முத்தமிழ்செல்வன் வந்து கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் நடைபாதையில் பட்டுப்புடவையோடு இளையபெருமாளின் மனைவி லீலாவதி. அவருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு இளையபெருமாள்.

“அண்ணே, மேடம் ஊருக்குப் படம் அனுப்பணுமாம். அவங்க பால்கனில படகு மட்டும்தான் தெரியுது. இங்க நின்னு நாலு படம் எடுத்துக்கலாமான்னு கேக்கறாங்க.”

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. “இதுக்குக் கேக்கணுமா? வரச் சொல்லுங்க.” நாலாவது நாற்காலியைக் கையால் தட்டினார்.

முத்தமிழ்செல்வன் அசையவில்லை. குரலைத் தாழ்த்தினார். “அதுக்கில்லண்ணே. படம் எடுக்கற வரைக்கும், ஒரு பத்து நிமிஷம், நீங்க மூணு பேரும் வெளில இருந்தா நல்லாருக்கும்னு…”

நான் எழுந்துவிட்டேன். என் வாயில் வந்தது இங்கே எழுதக்கூடியதல்ல. அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

அவர் எழவில்லை. நாற்காலியோடு நகர்ந்து பால்கனிக் கம்பிக்கு நேர் நடுவில் வந்து உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார். அப்பா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“எடுத்துக்கட்டும். ஆனா நான் எந்திரிக்க மாட்டேன். படத்துல நானும் இருப்பேன்.”

நடைபாதை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு செருப்புச் சத்தம் லிப்ட் பக்கம் போனது. முத்தமிழ்செல்வன் கதவைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னால் ஓடினார்.

அம்மா அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் கடலைப் பார்த்தபடியே இருந்தார். கால்மேல் போட்ட காலை எடுக்கவில்லை.

“பாப்பா, அந்த நாற்காலிய உள்ள எடுத்து வெச்சிரு. யாரும் வர மாட்டாங்க.”

எடுத்து உள்ளே வைத்தேன்.